குதிரை வில்லாளரும் ஏடெழுதியோரும்

வென்றவன் எழுதியதே வரலாறு என்பர். ஆசியப் பெரும் புல்வெளியைப் பொறுத்தவரை இக்கூற்று செல்லாது. கருங்கடலின் வடகரையிலிருந்து மங்கோலியா வரை பரந்து கிடக்கும் அந்த மரமற்ற சீமையில், குதிரைமேல் இருந்தவாறே வில்லெய்யப் பழகிய மக்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் போர்க்களங்களில் மேலோங்கி நின்றனர். பாரசீகரும் ரோமானியரும் சீனரும் அவர்களிடம் பன்முறை தோற்றனர். ஆயினும் அவர்களைக் குறித்து நமக்குக் கிட்டியுள்ள பழைய ஏடுகளில் பெரும்பாலானவை தோற்றவர் எழுதியவை. அன்றேல் அஞ்சியவர் எழுதியவை.

இதனை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் சரித்திரத்தில் இம்மக்கள் இருமுறை வருகின்றனர். ஹிஜ்ரி 656இல், அதாவது கி.பி. 1258இல், பக்தாதை அழித்த தாத்தாரியர் என்று ஒருமுறை. அப்போது அவர்கள் கொடியோர். 1071இல் மலாஸ்கிர்த் களத்தில் வென்ற ஸல்ஜூக்கியர் என்றும், 1260இல் ஐன் ஜாலூத்தில் அத்தாத்தாரியரைத் தடுத்து நிறுத்திய பைபர்ஸின் தோழர்கள் என்றும் மற்றொருமுறை. அப்போது அவர்கள் தீரர். பைபர்ஸ் கிப்சாக் புல்வெளியில் பிறந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரே புல், ஒரே குதிரை, ஒரே வகை வில். நமக்குச் சாதகமாக வளைந்தபோது அது வீரம் என்றும், எதிராக வளைந்தபோது வெறி என்றும் பெயர் பெற்றுவிட்டது. இவ்வாறு தீர்ப்புக் கூறும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, முன்னோர் எழுதிய ஏடுகளையே சற்று உரசிப் பார்க்க வேண்டும்.

உரசிப் பார்ப்பதற்கு ஓர் உரைகல் வேண்டுமன்றோ? அதனைப் பொருளிலிருந்தே எடுப்போம்.

புல்வெளியாரின் வில் ஒரே மரத்தில் வளைத்தது அன்று. நடுவே மரம், எய்பவனை நோக்கிய உட்புறத்தில் கொம்புப் பட்டை, வெளிப்புறத்தில் விலங்கின் தசைநார். இம்மூன்றையும் தோலிலிருந்தோ மீனிலிருந்தோ காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டி, மாதக்கணக்கில் உலரவிட்டு எடுப்பர். கொம்பு அழுத்தத்தைத் தாங்கும். நார் இழுப்பைத் தாங்கும். ஆகவே சிறிய வில்லிலேயே பெரும் விசை அடங்கும். குதிரையின் கழுத்துக்கு மேலாக இடமும் வலமும் தடையின்றித் திருப்பலாம். ஈரம்தான் இதற்குப் பகை. மழையில் நனைந்தால் நாண் தளரும், பசை விடும்.

குதிரையும் அப்படியே. உருவில் சிறியது, பனியைக் குளம்பால் கிளறி அடியிலுள்ள புல்லைத் தின்று உயிர்வாழ வல்லது. ஒருவன் பல குதிரைகளோடு புறப்படுவான். ஒன்று களைத்தால் மற்றொன்றில் தாவுவான். பழங்காலச் சித்தியருக்கும் பார்த்தியருக்கும் அங்கவடியே கிடையாது. முழங்காலின் பிடியாலும் உடலின் சாய்வாலும் குதிரையை நடத்திக்கொண்டு, இரு கைகளையும் வில்லுக்கு விட்டுவிடுவர். பின்வாங்குவதுபோல் ஓடி, துரத்தி வருபவனைத் திரும்பி எய்வது இவர்களுடைய பேர்பெற்ற வித்தை. இவ்வித்தையைப் படைமுகாமில் சேர்ந்த பின் ஆறு மாதத்தில் கற்க இயலாது. ஆடு மேய்த்தலோடும் வேட்டையோடும், அதாவது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்து வளர்வது அது. உழுது பயிரிடும் அரசுகள் எவ்வளவு பொன்னைக் கொட்டினும் இத்தகைய படையை எளிதில் ஆக்க முடியாமற்போனது இதனாலேதான். புல் தீருமிடத்தில் இவர்தம் ஆற்றலும் தீர்ந்தது என்பதனையும் உடன் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு சிறு விலகல். நம் பாண்டி நாட்டுக் காயல் துறைமுகத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரைகள் வந்து இறங்கியதை வஸ்ஸாஃபும் மார்க்கோ போலோவும் எழுதியுள்ளனர். குதிரை ஏறியவருக்கும் குதிரை விற்றவருக்கும் இந்நாட்டில் வழங்கிய 'இராவுத்தர்' என்னும் சொல் இன்றும் நம்மவரிடையே குடிப்பெயராக நிற்கிறது. ஆனால் வந்த குதிரைகள் நெடுநாள் பிழைப்பதில்லை என்றும், ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது என்றும் போலோ குறிப்பிடுகிறார். குதிரையை விலைக்கு வாங்கலாம். புல்வெளியை வாங்க இயலாது.

ஆக, நமது உரைகல் இது: எழுதியவர் இம்மக்களின் திறனை உழைப்பாகக் கண்டாரா, அன்றிப் பிறவிக் குணமாகவோ பேய்க் குணமாகவோ கண்டாரா?

கிரேக்கரான ஹெரடோட்டஸ் தம் நூலின் நான்காம் பகுதியைச் சித்தியருக்கு ஒதுக்கினார். பாரசீக மன்னன் தாரா கி.மு. 513 அளவில் பெரும்படையோடு அவர்கள் நிலத்தில் புகுந்தபோது, அவர்கள் நின்று பொருதாமல் விலகிக்கொண்டே சென்றனர். பின்னர் ஒரு பறவை, ஓர் எலி, ஒரு தவளை, ஐந்து அம்புகள் ஆகியவற்றை அனுப்பினர். சரணாகதி என்று மன்னன் மகிழ்ந்தான். பறந்தோ, மண்ணில் புகுந்தோ, நீரில் குதித்தோ தப்பாவிடில் அம்புக்கு இரையாவீர் என்பதே பொருள் என்று அவனுடைய அமைச்சர் ஒருவர் விளக்கினார். கதை சுவையானது, அதனாலேயே சற்று ஐயத்துக்குரியது. ஆயினும் ஹெரடோட்டஸ் ஓர் உண்மையைப் பிடித்துவிட்டார். நகரமும் மதிலும் இன்றி, வண்டியையே வீடாகவும் கால்நடையையே உணவாகவும் கொண்டவனை யாரும் முற்றுகையிட முடியாது என்பதனைச் சித்தியரின் பெரிய கண்டுபிடிப்பு என்றே அவர் கூறுகிறார். மற்றெதிலும் அவர்களைத் தாம் வியக்கவில்லை என்று ஒரு வரம்பும் கட்டிக்கொள்கிறார். அவர் கூறிய சில செய்திகளைப் பிற்காலத்தார் கட்டுக்கதை என்று ஒதுக்கினர். அல்தாய் மலையில் பசிரிக் என்னுமிடத்துப் பனியுறைந்த கல்லறைகளை 1929லும் 1947 முதல் 1949 வரையிலும் ருதென்கோ என்னும் ருஷ்ய ஆய்வாளர் அகழ்ந்தபோது, கஞ்சா விதையைச் சூடேற்றிய கலமும் தலைத்தோல் உரிக்கப்பட்ட உடலும் வெளிப்பட்டன. கேட்டதைக் கேட்டபடி எழுதியவர் என்ற அளவில் ஹெரடோட்டஸுக்கு மதிப்பு உயர்ந்தது.

இவரினும் மேலாக நாம் மதிப்பவர் சீனத்து ஸீமா சியென். கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுற்ற அவருடைய பெருவரலாற்றில் சியோங்நு மக்களுக்கென ஓர் அதிகாரம் உண்டு. சிறுவர் முதலில் ஆட்டின்மேல் ஏறிப் பறவையையும் எலியையும் எய்வதும், சற்று வளர்ந்தபின் நரியையும் முயலையும் எய்வதும், வலுவுற்றபின் குதிரைப்படையில் நிற்பதும் அதில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. நாம் மேலே கூறிய உரைகல்லில் பொன்னாகத் தேறும் பகுதி இது. பேய்க்குணம் பேசவில்லை, ஒரு பிள்ளை எவ்வாறு வில்லாளன் ஆகிறான் என்பதைப் பேசுகிறார். நன்மை கண்டால் முன்னேறுவர், தீமை கண்டால் பின்வாங்குவர், ஓடுவதை இழிவாகக் கருதார் என்று கூறுமிடத்தில் மட்டும் சீனப் பெருமிதம் சற்றே தலை நீட்டுகிறது.

அவர் இதனை எழுதிய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹான் குலத்தின் முதற்பேரரசரே கி.மு. 200இல் பைதெங் என்னுமிடத்தில் மாவ்துன் என்ற சியோங்நு வேந்தனால் ஏழு நாள் சூழப்பட்டிருந்தார். அந்த அவமானம் மறையவில்லை. கி.மு. 99இல் லீ லிங் என்னும் தளபதி ஐயாயிரம் காலாட்களோடு புல்வெளிக்குள் சென்று, குதிரைப்படையால் வளைக்கப்பட்டு, அம்பு தீர்ந்து சரணடைந்தார். அவையில் எல்லாரும் அவரைத் தூற்றினர். ஸீமா சியென் ஒருவரே அவருக்காகப் பரிந்து பேசினார். அதன் பொருட்டுச் சிறையும் ஆண்மையிழக்கும் தண்டனையும் அவருக்கு வாய்த்தன. நூலை முடிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அவ்விழிவைத் தாங்கி உயிர் வாழ்ந்தார். இத்தனைக்குப் பின்னும் பகைவருடைய பக்கத்து நியாயத்தை அவர் நூலிலிருந்து நீக்கவில்லை. சோங்ஹாங் யுவே என்ற சீன அண்ணகன் சியோங்நு பக்கம் சேர்ந்து, அவ்வேந்தனுக்குக் கூறிய அறிவுரையை எழுதி வைத்துள்ளார்: சீனப் பட்டை உடுத்து முட்புதரூடே குதிரையைச் செலுத்திப் பார்த்தால் அது கிழிந்துபோகும், நமது கம்பளமும் தோலுமே மேல் என்று எல்லாருக்கும் விளங்கும் என்பது அதன் சாரம். தன் அரசனுக்குத் துரோகம் செய்தவனின் வாதத்தை இத்துணை வலுவோடு பதிவு செய்ய எத்தனை வரலாற்றாசிரியருக்கு நெஞ்சம் வரும்?

ரோமானியப் பக்கத்தில் கிராஸ்ஸுஸின் தோல்வியைச் சொல்லியாக வேண்டும். களம் நாம் அறிந்த ஊர். கி.மு. 53இல் ஏழு லீஜியன்களோடு வந்த அவர் பார்த்தியத் தளபதி சூரேனாவிடம் அழிந்த இடம் ஹர்ரான். ஸாபித் இப்னு குர்ரா தோன்றியதும், பின்னாளில் இப்னு தைமிய்யா பிறந்ததும் அவ்வூரே. பார்த்தியர் காஸ்பியன் கடலுக்குக் கிழக்கிலிருந்த புல்வெளிக் குடியினரின் வழிவந்தவர். அக்கால ரோமப்படை கேடயத்தோடு கேடயம் சேர்த்து நின்று, அம்பு தீரட்டும் என்று காத்தது. பின்னே ஒட்டகங்கள் அம்புச் சுமையோடு நிற்பதையும், தூணி காலியானவர் அங்கே சென்று நிரப்பி வருவதையும் கண்டபோதுதான் நம்பிக்கை போயிற்று என்று புளூட்டார்க் எழுதுகிறார். இருபதினாயிரம் பேர் மாண்டனர், பதினாயிரம் பேர் சிறைப்பட்டனர் என்பது அவர் தரும் கணக்கு. அவர் நூலில் நாம் போற்றுவது அந்த ஒட்டகங்களையே. வீரத்தைப் பாடுவோர் ஆயிரவர். அம்பைச் சுமந்த ஒட்டகத்தைக் கவனிப்பவர் ஒருவர் இருவரே.

அம்மியானுஸ் மர்செல்லினுஸ் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஹூணரைக் குறித்து எழுதிய அவர், அவர்களை இருகால் விலங்கு என்ற அளவுக்குத் தாழ்த்திவிட்டார். தாமே போர்வீரராக இருந்தமையால் எலும்பு முனை அம்பையும் கண்ணிக் கயிற்றையும் குறிப்பிடத் தவறவில்லை. மற்றபடி, 378இல் பேரரசர் வாலென்ஸ் மாண்டபின் ரோம் கொண்ட நடுக்கமே அங்கே பேசுகிறது. ஐரோப்பியப் பாடநூல்களின் வழியாக நம் பிள்ளைகளின் வாய்வரை வந்துவிட்ட 'காட்டுமிராண்டிக் கூட்டம்' என்ற சொல்லுக்கு அவரும் ஒரு மூலவர்.

இனி நம்முடைய ஏட்டுக்கு வருவோம். பஸராவின் அபூ உஸ்மான் அல்-ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) எழுதிய 'மனாகிபுத் துர்க்' என்னும் ரிஸாலாவை அரபுக் கல்லூரிகளில் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. 'பயான்', 'ஹயவான்', 'புகலா' ஆகியவற்றோடு நம்மவர் நின்றுவிடுகின்றனர். கலீஃபா முஃதஸிம் காலத்தில் தொடங்கி, பின்னர் முதவக்கிலின் அமைச்சரும் துருக்கியருமான ஃபத்ஹு இப்னு காகானுக்குப் படைக்கப்பட்ட நூல் அது. கிலாஃபத்தின் படையில் குராஸானியரும் அரபியரும் மவாலிகளும் துருக்கியரும் ஒருவரையொருவர் பழித்துவந்த வேளையில், உள்ளங்களை இணைப்பதே தம் நோக்கம் என்று ஆசிரியர் முன்னுரைக்கிறார்.

அவர் துருக்கிய வில்லாளனையும் காரிஜிக் குதிரைவீரனையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடுமிடம் அரபு உரைநடையின் உச்சங்களுள் ஒன்று என நாம் துணிந்து கூறுவோம். காரிஜி ஓர் அம்பை நாணில் பூட்டுமுன் துருக்கியன் பத்தை எய்துவிடுகிறான். விலங்கையும் பறவையையும் மனிதனையும், நிற்பதையும் ஓடுவதையும், முன்னே விரையும்போதும் பின்னே விலகும்போதும் ஒன்றுபோலவே அடிக்கிறான். முகத்தில் இரு கண்களும் பிடரியில் இரு கண்களும் உடையவன் என்று வேடிக்கையாகச் சொல்கிறார். அதற்கடுத்தே அவர் கூறுவதுதான் நமக்கு முக்கியம். அத்துருக்கியனே மேய்ப்பன், அவனே குதிரை பழக்குபவன், அவனே அதற்கு வைத்தியன், அவனே வணிகன், அவனே வீரன். தனியொருவனே ஒரு சமுதாயம். அவன் ஆயுள் நாட்களைக் கணக்கிட்டால் மண்மீது இருந்ததைவிடக் குதிரை முதுகில் இருந்ததே மிகும் என்கிறார். உழைப்பை இத்துணை நுட்பமாகக் கண்ட பார்வை கிரேக்கரிடமும் இல்லை.

இன்னொன்று. துருக்கியரை அரபியரல்லாதாரின் 'அஃராபிகள்' என்று அவர் அழைக்கிறார். பாலைவனத்து அஃராபியின் மொழியையும் கவிதையையும் தூய்மையின் அளவுகோலாகக் கொண்டிருந்த அவையில் இச்சொல்லின் எடையை எண்ணிப் பாருங்கள். 'இவர் அந்நியர்' என்று முணுமுணுத்த பக்தாதியரிடம், 'உங்கள் பாட்டன் கூடாரத்தில் வாழ்ந்தவர்தாமே' என்று சொல்லாமற் சொன்ன சொல் அது.

எனினும் நூலுக்கு நாம் முழு மதிப்பெண் வழங்க இயலாது. சீனர் கைத்தொழிலில், யவனர் மெய்ஞ்ஞானத்தில், அரபியர் கவியில், ஸாஸானியர் ஆட்சியில், துருக்கியர் போரில் என்று அவர் இனங்களுக்குத் திறன்களைப் பங்கிடுகிறார். வணிகமும் வேளாண்மையும் இல்லாதாரின் கருத்தெல்லாம் குதிரையிலும் வேட்டையிலும் குவிந்தது என்று ஓரிடத்தில் காரணம் காட்டுகிறார். அது செம்மையான வாதம். சில பக்கங்களுக்குப் பின் அத்திறன் அம்மண்ணின், அவ்வினத்தின் இயல்பு ஆகிவிடுகிறது. கையில் இருந்ததைக் குருதிக்கு மாற்றிவிட்டார். இகழ்வோர் செய்யும் பிழையையே புகழ்வோரும் செய்யக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அதனினும் பெரிய குறை, அவர் கூறாது விட்டது. முஃதஸிமின் துருக்கியருள் பலர் மாவராஉன்னஹ்ருக்கு அப்பாலிருந்து இளம் வயதிலேயே விலைக்கு வாங்கி வரப்பட்டவர். ஹிஜ்ரி 221இல், கி.பி. 836இல், அவர்களுக்கென்றே ஸாமர்ரா நகர் எழுந்தது. ஊர்மக்களோடு கலவாதிருக்கத் தனிக்குடியிருப்புகள் தரப்பட்டன. அவர்களுக்கென அடிமைப் பெண்களை வாங்கி மணமுடித்து, வேறிடத்தில் பெண் கொள்ளலாகாது, இவர்களை விலக்கலாகாது என்று விதித்ததாக யஃகூபி தம் 'கிதாபுல் புல்தானி'ல் எழுதுகிறார். அலங்காரம் ஏதுமற்ற அந்தச் சில வரிகளுக்கு முன் ஜாஹிழின் சொல்வளம் முழுதும் வெளுத்துப் போகிறது. மகனை எட்டாத தூரத்துக்கு விற்றுவிட்ட தாய் ஒருத்தி எந்தப் புல்வெளியில் அழுதாள் என்பதை மனாகிபு நூல்கள் கேட்பதில்லை. ஆனாலும் ஜாஹிழ் பெரிய எழுத்தாளர். எழுத வந்ததை மீறி உண்மை ஒன்று அவர் பேனாவில் கசிந்துவிட்டது. தாயகத்தின்மேல் ஏக்கம் மனிதர் எல்லார்க்கும் உண்டு, துருக்கியரிடம் அது மிகுதி என்று அவர் நின்று நிதானித்து எழுதுகிறார். புகழுரைக்கு அப்பகுதி தேவையே இல்லை. ஸாமர்ராவின் வீதிகளில் அவர் எவரையோ பார்த்திருக்கிறார் என்றே நாம் கொள்கிறோம்.

கவிஞர்கள் இதனினும் மோசம். 838இல் அம்மோரியா வெற்றியைப் பாடிய அபூ தம்மாமின் கஸீதா வாளைப் போற்றித் தொடங்குகிறது. மதரஸாக்களில் மனப்பாடமாக ஓதப்படுகிறது. அக்கோட்டை வீழ்வதற்குச் சில வாரங்கள் முன், ஜூலை 22ஆம் நாள், அன்ஸென் சமவெளியில் பைசாந்தியப் பேரரசர் தியோஃபிலுஸின் படையைச் சிதறடித்தவர் துருக்கியக் குதிரை வில்லாளர். மாலையில் பெய்த மழையால் வில்நாண்கள் பயனற்றுப் போனமையாலேயே பேரரசர் உயிர் தப்பினார் என்பர். பாட்டில் வாள் மின்னுகிறது; களத்தில் வழி திறந்தது அம்பு. பாடியவர் அரபியர், எய்தவர் துருக்கியர் என்பதை மறந்து அந்தக் கஸீதாவைக் கற்பிக்கும் உஸ்தாதுமார் இனியேனும் மாணவர்க்கு இதனை ஒரு சொல் கூறுவது நலம். வில்லைப் பற்றிய மெய்யறிவு வேண்டுவோர் கவிதையை விட்டு, மம்லூக்கிய வில்லாளரான தைபுகா 1368 அளவில் ஆக்கிய பயிற்சி நூலைப் பார்க்கலாம். விரற்பிடியும் நாணிழுப்பும் அங்கே கைப்பழக்கமாகவே விளக்கப்படுகின்றன.

ஜாஹிழின் நூலைப் பெற்ற ஃபத்ஹு, ஹிஜ்ரி 247இன் ஷவ்வாலில், 861இன் டிசம்பரில், கலீஃபா முதவக்கிலோடு அதே துருக்கியக் காவலரின் கையால் மாண்டார். ஜாஹிழ் அதன்பின் ஏழெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

அவர் பிறப்பதற்கு முன்பே அப்புல்வெளி தன் வாயால் பேசிவிட்டது என்பதை அவரோ அவர் காலத்து அறிஞரோ அறிந்ததாகத் தெரியவில்லை. மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றங்கரையில், மறைந்த இளவல் குல் தெகினுக்காக அவர் தமையன் பில்கே ககான் 732இல் நிறுத்திய கல் அது. அதன் எழுத்தை டென்மார்க்கு அறிஞர் தாம்ஸென் 1893இல் படித்தறிந்தார். சீனரின் இனிய சொல்லுக்கும் மென்மையான பட்டுக்கும் மயங்கிய துருக்கியர் பலர் அழிந்தனர் என்று ககான் தம் மக்களை எச்சரிக்கிறார்; ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சீன அண்ணகன் சொன்னதும் இதுவேயன்றோ! அக்கல்லில் இனப்பெருமை உண்டு, கொன்ற கணக்கும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் அயலார் எவரும் எழுதாத ஒன்றும் அதில் உண்டு. எந்தப் போரில் குல் தெகின் எந்தக் குதிரைமேல் ஏறினான், அதன் நிறம் யாது, அது யாரிடமிருந்து வந்தது என்பது போர்தோறும் பொறிக்கப்பட்டுள்ளது. பாயிர்க்கு குலத்தாரின் வெண்ணிறப் பொலிகுதிரையில் ஏறிப் பாய்ந்த அன்று, அக்குதிரையின் தொடையெலும்பு முறிந்ததையும் கல்லில் வெட்டி வைத்திருக்கின்றனர்.